கோல் காவலர் தரும் பாடம்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் கொடைரோட்டில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிக் கட்டணத்தையும் பாடநூலையும் பற்றியே பேசிவந்த மேடை இது. இங்குப் பந்தாட்டம் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. ஊர்ப் பொட்டலில் நமக்கு இடம் மறுக்கப்பட்ட நாளில், இருப்புப்பாதை ஓரத்து முட்செடிகளை வெட்டியெறிந்து ஆடுகளம் அமைத்தவர்கள் நாம். ஆட்டமும் நமக்கு உரிமைப் போராட்டமாகவே இருந்தது.

இன்று நாம் நினைவுகூர விரும்புபவர் பீட்டர் தங்கராஜ். 1935 இல் ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் மன்றங்களில் முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கினார். 1953 இல் படையில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்திற்கு வந்தார். கோல் அடிக்க விரும்பியவரை அங்கேதான் கோல் காக்க நிறுத்தினர். அவர் முகம் சுளித்து ஒதுங்கவில்லை. கிடைத்த இடத்தையே தமக்குரிய இடமாக்கிக் கொண்டார். 1955 இலும் 1958 இலும் அம்மையம் டூரண்டு கோப்பையை வென்றது.

1956 இல் மெல்போர்னிலும் 1960 இல் ரோமிலும் ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய அணியில் இடம்பெற்றார். 1962 செப்டம்பரில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். முந்தைய ஆட்டங்களில் காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜை, பயிற்சியாளர் ரகீம் இறுதி ஆட்டத்தில் கோல் வாயிலில் நிறுத்தினார். அரங்கம் நிறைந்த கூட்டமோ இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தது. எனினும் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று நம் நாடு தங்கம் பெற்றது. 1967 இல் அருச்சுனா விருது அவரை வந்தடைந்தது.

இளைஞர்களே, கோல் காவலரின் பணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டடி உயரமும் இருபத்து நான்கடி அகலமும் உள்ள வாயிலை ஒருவர் காக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயர்ந்த தங்கராஜுக்கும் கோட்டின் மீதே நின்றால் அது பெருவெளிதான். பந்துடன் வருபவனை நோக்கி அவர் நாலடி முன்னே சென்றால், அடிப்பவன் கண்ணுக்கு வாயில் சுருங்கிவிடும். அஞ்சிப் பின்வாங்குபவனுக்கு ஆபத்து பெருகும். அறிந்து முன்செல்பவனுக்கு அது குறையும். தேர்வுக்கும், நேர்முகத்துக்கும், நம்மைத் தாழ்த்திப் பேசும் நாவுக்கும் இதுவே விதி.

மேலும் ஒன்று. முழுக் களத்தையும் எதிரே காண்பவர் அவரே. ஆகவே முன்னிற்பவர்க்குக் குரல் கொடுத்து வழிகாட்டுவதும் அவர் கடமை. ஆட்டத்தை விட்ட பின்னரும் தங்கராஜ் அக்கடமையை விடவில்லை. 1971 இல் ஓய்வு பெற்றவர் பயிற்சியாளராகி, பிற்காலத்தில் பொகாரோ உருக்கு நகரில் இளைஞர்க்குக் கால்பந்து கற்பித்தார். அந்நகரிலேயே 2008 நவம்பரில் மறைந்தார். உடலின் வலிமை நாற்பது வயதுக்குள் தளர்ந்துவிடும், கற்றுக்கொடுத்தது தளர்வதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 இல் நாகபுரியில் நமக்கிட்ட கட்டளையில் முதற்சொல் 'கற்பி' என்பதே. அவர் 'கல்' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. இங்கேதான் நம் குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இச்சங்கத்தின் உதவியால் படித்தோர் பலர். வேலை கிடைத்ததும் வெளியூர் சென்றோர் பலர். திரும்பி வந்து ஒரு பிள்ளைக்கேனும் கணக்குச் சொல்லித் தந்தோர் சிலரே. இந்நிலையத்தில் இறங்கிக் கொடைக்கானல் செல்வோரின் பெட்டிகளைச் சுமந்தே நம் தந்தையர் நம்மைப் படிக்க வைத்தனர். அக்கடனை வேறெவ்வாறு தீர்ப்பது?

ஆகவே இவ்விழாவில் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பள்ளியிறுதி தேறிய ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வாரத்தில் இரு மாலைகள் நம் பிள்ளைகளுக்கு அளியுங்கள். முன்மாலையில் ஆடுகளம், விளக்கேற்றிய பின் பாடம். காக்கக் கற்றவர் காக்கக் கற்பிக்கட்டும்.