எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது?



முதுகுத் தட்டு ஆய்வுக்குப் பன்னாட்டுப் பரிசுகள் வென்ற கோவையில், இடுப்புத் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். 1954-இல் நெதர்லாந்தின் ஹெங்க் வெர்பீஸ்ட் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். நம் புறநோயாளிகள் பிரிவில் அதே விளக்கத்தை நாள்தோறும் கேட்கிறோம்: "நடந்தாக் காலு மதமதங்குதுங்க, உக்காந்தாச் சரியாயிருதுங்க. சைக்கிள் மிதிக்கறதுக்குச் சிரமமில்லைங்க."

நோயின் இலக்கணம் இதில் அடங்கிவிட்டது. முன்குனிந்தால் கால்வாய் விரியும், நிமிர்ந்தால் சுருங்கும். வயதேற ஏறத் தட்டு பிதுங்கி, மூட்டுகள் பருத்து, மஞ்சள் தசைநார் தடித்து நரம்புகளை நெருக்குகின்றன. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையேதான் இது மிகுதி. தர்மபுரி, சேலம் பகுதிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு தசைநார்களையே எலும்பாக்கிவிடும். தர்மபுரியில் அந்நீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அவ்வகையில் முதுகெலும்பையும் காக்கும் திட்டம்.

1990-இல் வெளியான ஆய்வொன்றில், எந்த வலியும் இல்லாத அறுபது வயது கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் சுருக்கம் தெரிந்தது. ஆகவே படத்தைப் பார்த்து மட்டும் கத்தியை எடுக்கலாகாது. பாதத்தின் நாடியைத் தொட்டுப் பாருங்கள். பீடி பிடிப்பவருக்கு இரத்தக்குழாய் அடைப்பாலும் கால் வலிக்கும். அவருக்கு நின்றாலே வலி தணியும், உட்கார வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிக்கு நரம்புப் பாதிப்பாலும் கால் மரக்கும்.

சிகிச்சையை உடற்பயிற்சி, வலி மருந்து, எடைக் குறைப்பு என்றே தொடங்குவோம். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி நீண்டகாலப் பலன் தருவதற்குச் சான்று மெலிவு. இவற்றால் பயனின்றி நடை குறுகிக்கொண்டே வந்தால், நெருக்கத்தை நீக்கும் அறுவை நல்ல பலன் தருகிறது. அதோடு திருகாணி வைத்து எலும்புகளை இணைப்பதால் பெரும்பாலோருக்குக் கூடுதல் நன்மை இல்லை என்று 2016-இல் ஸ்வீடன் ஆய்வு காட்டியது. தறி ஓட்டியும் தோட்ட வேலை செய்தும் பிழைப்பவருக்குத் தேவையற்ற ஒரு திருகாணியும் கடன்சுமைதான். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வு மரத்தாலோ, ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

இந்த அவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு நோயாளியின் வரலாறும், அவர் சிகிச்சைக்கு முன் எவ்வளவு தூரம் நடந்தார் என்று தொடங்கட்டும். ஓராண்டுக்குப் பின் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று முடியட்டும். நம் திறமையை அந்த இரு அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டே மதிப்பிடுவோம். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.