விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்

(சடையங்குப்பம் மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிஞ்சது. இப்போ கொஞ்ச நேரம் பாம்பைப் பத்திப் பேசப்போறோம். பொழுது சாய்ஞ்சா நம்ம பெரியவங்க அந்தப் பேரையே சொல்லமாட்டாங்க, "பூச்சி"ம்பாங்க. பேரைச் சொல்லாட்டியும் அது வரத்தான் செய்யுது. 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம்ம பக்கம் வெள்ளம் ஏறினதை மறக்க முடியாது. நாம மேட்டைத் தேடி ஓடினோம். வளை முழுகின பாம்பும் மேட்டைத்தான் தேடும். நம்ம விறகு அடுக்கு, செங்கல் குவியல், பரண் எல்லாம் அதுக்கு மேடுதான்.

வர்ற பாம்பெல்லாம் விஷப்பாம்பு இல்லை. சாரைக்கும் தண்ணிப்பாம்புக்கும் நம்மைக் கொல்லும் விஷம் கிடையாது. நம்ம நாட்டில் அதிகம் உயிர் வாங்குவது நாலு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

இதில் கட்டு விரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பெரிய வலி இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியக்காலையில் வயித்துவலி, வாந்தி வரும். கண் இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை"ன்னு நாம ஓமத்தண்ணி கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தால் மூச்சே நின்னு போயிடும்.

கடிச்சுட்டால் என்ன செய்யணும்? கடிபட்டவரை நடக்க விடாதீங்க. வளையல், மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழட்டிடுங்க. கடிபட்ட கையோ காலோ அசையாமல் வையுங்க. மணியைப் பார்த்து வெச்சுக்குங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. கயிறால் இறுக்கிக் கட்டாதீங்க, பிளேடால் கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க. மிளகு, வேப்பிலை கொடுத்து கசக்குதான்னு பார்க்கவும் வேண்டாம். பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து ஒண்ணுதான், இந்த நாலு பாம்புக்கும் அதுவே கேட்கும்.

அந்த மருந்து எங்கிருந்து வருது தெரியுமா? மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1978-இல் தொடங்கினது. அவங்க பாம்பைக் கொல்லாமல் எடுக்கிற விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகுது. நம்மைப் போலவே சங்கமாச் சேர்ந்த ஏழை ஜனங்க செய்யும் வேலை நாடு முழுக்க உயிர் காக்குது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைச்சது.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்தை இலவசமாப் போடுறாங்க. அப்படியிருந்தும் ஏன் தாமதம்? "வீட்டுக்காரர் நைட் ஷிப்டு, கையில் காசில்லை, விடியட்டும் பார்க்கலாம்." இதை நாமே எத்தனையோ விஷயத்துக்குச் சொல்லியிருக்கோம். பாம்புக்கடிக்கு அது ஆகாது.

வராமல் தடுக்க வீட்டிலேயே வேலை இருக்கு. சிந்தின அரிசிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலிப் பொந்தை அடைங்க. விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீங்க. ராத்திரி வெளியே போனால் டார்ச் லைட் கட்டாயம். முடிஞ்சவரை கட்டிலில் படுங்க. தரைதான்னா, கொசுவலையைப் பாய்க்கு அடியில் நல்லாச் செருகிடுங்க. வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் பிள்ளைகளை வெளியே கூட்டிட்டு வந்து, தூரத்திலிருந்து கண்ணு வெச்சுக்கிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்க. அடிக்கப் போய்க் கடி வாங்கினவங்களும் உண்டு.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் இன்னைக்கே தீர்மான நோட்டில் எழுதுவோம்: ராத்திரி எந்நேரமானாலும், கூட்டம் கூட்டாமலேயே, அவசரச் செலவுக்குக் குழுப் பணம் கொடுக்கப்படும். கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் இருவரின் நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதி வைப்போம். கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் டீ குடிக்கலாம்.