ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட இதையும் கேளுங்க! – சூலூர் தெருமுனைக் கூட்டத்தில் நம் தோழர் ஆற்றிய உரை



ஒரே பாலினத்தவர் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு 2015 மே 22-ல அயர்லாந்து மக்கள்கிட்டயே ஓட்டுக் கேட்டாங்க. ஓட்டுப் போட்டவங்கள்ல நூத்துக்கு 62 பேர் ‘பண்ணிக்கலாம்’னு சொன்னாங்க.

நம்ம நாட்டுல அப்படியொரு ஓட்டு கிடையாது. அதற்குச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்புறது யாருங்க? நீங்களும் நானும்தானுங்களே!

“ஊர் ஒத்துக்காததெல்லாம் ஒரு கல்யாணமா?”ன்னு கேட்பீங்க. ஐயரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு 1953-ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லுச்சுங்க. 1967-ல அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்துச்சு. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்னு ஆச்சு. முதல்ல வாழ்ந்து காட்டினாங்க. சட்டம் பின்னாடிதான் வந்துச்சு.

ரெண்டு பொண்ணுங்க இருபது வருஷம் ஒண்ணாத் தறி ஓட்டி, ஒருத்தி பேர்ல வீடு கட்டினாங்கன்னு வைங்க. அவ உயில் எழுதாம கண்ணை மூடிட்டா, இன்னொருத்திக்கு வாரிசு உரிமை இல்லை. எட்டிக்கூடப் பார்க்காத சொந்தம் வந்து சாவி கேட்கும். இது நியாயமுங்களா?

குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியில்லைன்னு 2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா வாரிசு உரிமைக்குச் சட்டம் வேணுமுங்க.

உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இதனால ஒரு குறையும் வராது. கோவைத் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்க, நம்ம கட்சியாவே இருந்தாலும், “சபையில நீங்க எந்தப் பக்கம்?”னு கேளுங்க. பதில் சொல்லாம நகர விடாதீங்க.