ஏடும் அரங்கும்



தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் பெருமை பேசுதல் நெடுநாளைய வழக்கு. ஆயினும் இலக்கிய வரலாற்று நூல்களில் இயற்றமிழ் பெறும் இடத்தில் ஒரு சிறு பங்கேனும் நாடகத்திற்கு வாய்ப்பதில்லை. தமிழர் நாடகம் ஆடவில்லையா எனின், ஆடினர். ஆடியதில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறியதில் பெரும்பகுதி ஆடப்படவில்லை. ஏட்டிற்கும் அரங்கிற்கும் இடையே விழுந்த இப்பிளவைச் செங்கல்பட்டுச் சீமையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

கூலி நின்றது, நாடகம் மறைந்தது

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் அளவைத் துல்லியமாகக் கூறுகிறது. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, மேடையின் உயரம் ஒன்று. தூணின் நிழல் ஆடுவோர்மீது விழாதவாறு விளக்கு அமைத்தல் வேண்டும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் உண்டு. இத்துணை நுட்பம் கண்டவர்கள் ஆடிய நாடகங்களுள் ஒன்றேனும் இன்று கைக்குக் கிட்டவில்லை. முறுவல், சயந்தம், செயிற்றியம், குணநூல் ஆகிய நாடக இலக்கண நூல்கள் இறந்துபட்டமையை அடியார்க்கு நல்லார் உரைப்பாயிரம் தெரிவிக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று இதனினும் இரக்கத்திற்குரியது. இராசராசேசுவர நாடகம் ஆடுவோர்க்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளித்தல் வேண்டுமென அது விதிக்கிறது. அளந்த நெல்லின் கணக்கு ஆயிரம் ஆண்டை நெருங்கியும் கல்லில் நிற்கிறது. அந்நெல்லுக்கு ஈடாகப் பேசப்பட்ட சொற்களுள் ஒன்றும் நிற்கவில்லை. கொடையை எழுதியோர் கூத்தை எழுதினாரில்லை.

காஞ்சியில் பிறந்த நகைச்சுவை

இதற்கு மாறான சான்றும் தொண்டை நாட்டிலேயே உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியிலும் பாகதத்திலும் இயற்றிய 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகம் காஞ்சிமாநகரின் தெருவில் நிகழ்வது. கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். வழியில் எதிர்ப்பட்ட புத்தத் துறவியைக் கள்வன் என்கிறான். வழக்கைத் தீர்க்க வந்த பாசுபதனாலும் அது தீரவில்லை. முடிவில், நாய் கவ்விச் சென்ற கபாலம் ஒரு பித்தன் கையிலிருந்து கிடைக்கிறது. சமயவாதிகள் அறிவால் காண மாட்டாததைப் பித்தன் கொணர்கிறான். அரியணையில் இருந்த ஒருவன் இவ்வாறு எழுதத் துணிந்தமை வியப்பிற்குரியது.

தூசி மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் இந்நாடகத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. நாடகமோ தொண்டை நாட்டில் கிடைக்கவில்லை. சேரநாட்டுச் சாக்கியர் கோயில்களில் அதனை நேர்த்திக்கடனாக ஆடிவந்தனர்; அந்நாட்டு ஓலைச்சுவடிகளிலும் அது வாழ்ந்தது. 1917ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதனைப் பதிப்பித்தார். பிறந்த மண்ணில் பெயர் மட்டும் கல்லில் எஞ்ச, ஏடும் ஆட்டமும் இணைந்திருந்த அயல்நாட்டில் நாடகம் பிழைத்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருப்பின் நாடகம் நெடுங்காலம் நில்லாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1891: இருவேறு வழிகள்

அச்சுக்கலை பரவிய பின் இப்பிளவு மறைந்திருத்தல் வேண்டும்; மறையவில்லை. 1891ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' வெளியிட்டார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். முன்னது செய்யுளால் ஆகிய, படித்துச் சுவைத்தற்குரிய நாடகம். பின்னது நடிப்பதற்கென்றே எழுந்த கழகம்.

மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த பல்லாவரம் குடைவரைக்கு அண்மையில் உள்ளதே பம்மல். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்தனார் (1873-1964), வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். விடியுமட்டும் பாட்டால் நடந்த நாடகத்தைச் சில மணி நேர உரைநடை உரையாடலாக அவர் சுருக்கினார். 'மனோகரா', 'சபாபதி' முதலிய நாடகங்களைத் தாமே எழுதி, தாமே நடித்து, தாமே அச்சிட்டார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூலில், ஒத்திகை, உடை, நடிகர் இயல்பு அனைத்தையும் பதிவு செய்தார். எழுத்தாளரும் நடிகரும் ஒருவராதலின், அவர்தம் ஏட்டில் அரங்கு மறையவில்லை.

எனினும் சுகுண விலாச சபை கற்றோர் குழாம். அங்கே பெண் வேடத்தையும் ஆடவரே ஏற்றனர். அதே காலத்தில் தொழில்முறைக் குழுக்களுக்கு எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் வழி வேறு. அவருடைய பாடல்களை ஏற்ற 'ஸ்பெஷல் நாடக' நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்தித்து நாடகத்தை நடத்திச் செல்வர். பாட்டு பொதுச்சொத்து, வசனம் அவரவர் நாவன்மை. அவ்வசனங்களில் பெரும்பகுதி விடியலோடு முடிந்தது.

எழுதப்படாத கூத்து

பம்மலாரின் சபைக்குச் சென்றோரைவிடப் பன்மடங்கு மக்கள் கண்டது ஊர்ப்புறக் கூத்து. வேடந்தாங்கல் ஏரியில் கார்காலத்தில் வந்து கூடிய பறவைகள் குஞ்சு பொரித்து வெளியேறும் கோடையில், சுற்றுவட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். பிரசங்கியார் கையில் ஏடு உண்டு. கூத்தர் கையில் ஏடில்லை. வாத்தியார் நினைவே ஏடு. இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று விருத்தம் பாடி, திரை விலகியதும் வேடம் வெளிப்படும். சிலம்பு கூறிய எழினியை அறியாதாரும் அதன் பயனை அங்குக் காண்பர்.

கூத்து நூல்கள் மலிவுப் பதிப்புகளாக வெளிவந்ததுண்டு. ஆனால் அவற்றில் கூத்து இருக்கிறதா? துகிலுரிதலில் திரௌபதியின் சேலையைத் தொடுமுன் துச்சாதன வேடம் பூண்டவர் கற்பூரம் ஏற்றி வணங்குதல் சில ஊர்களில் வழக்கம். கொடியவனாக நடிப்பவர், தாம் அக்கொடுமைக்கு உடன்பட்டவர் அல்லர் என்று ஊரறியச் சொல்லும் இடம் அது. அச்சிட்ட பக்கங்களில் அவ்வணக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். கட்டியங்காரன் அவ்வூர்க் கண்மாய்த் தகராற்றையும் கடன் வட்டியையும் பாரதக் கதைக்குள் நுழைப்பதும் நூலுள் இல்லை. அர்ச்சுனன் தபசில், நட்ட பனைமரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறும் நடிகர் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சைக்கும் வில்வத்திற்கும் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பர். நாடகம் அங்கே பார்வை என்னும் எல்லையைக் கடந்து வாழ்வாகிவிடுகிறது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் உருவம் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர் வழக்காடுகின்றனர். பனைமரத்தின் கீழ் நிற்கும் மக்களுக்கு அவ்வழக்கு இல்லை. கல் அசையாது நின்று காட்டும் தவத்தைக் கூத்தர் ஆண்டுதோறும் மூச்சிரைக்க ஏறிக் காட்டுகின்றனர். கல்லைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. கூத்தர் நினைவைக் காக்க யார் உளர்?

பிடிபடாத சொல்

எழுத்து எப்போதும் நாடகத்திற்கு நண்பனாகவே இருந்ததில்லை என்பதையும் கூறுதல் முறை. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டமும், எம். ஆர். இராதாவின் நாடகங்களால் எழுந்த சூழலில் வந்த 1954ஆம் ஆண்டுச் சட்டமும் அரசின் தடைக்கு நாடகத்தை உட்படுத்தின. எழுத்துப்படியைக் காவலர் முன் வைத்து ஒப்புதல் பெறும் நிலை நேர்ந்தது. ஆனால் இராதாவின் ஆற்றலோ எழுதாத சொல்லில் இருந்தது. அன்றைய செய்தி அன்றிரவே வசனமாகும். அச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதென அறிவித்தது. எழுத்தைப் பிடித்தால் நாடகத்தைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணமே பிழையானது. காவலர் செய்த அப்பிழையை அன்பினால் செய்வோர் இலக்கிய ஆய்வாளர்: பாட்டைப் பதித்துவிட்டால் கூத்தைக் காத்துவிட்டதாக அவர்கள் கருதுகின்றனர்.

ஈழம் காட்டிய வழி

வேறு வழி உண்டா எனின், உண்டு. இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்துப் பனுவல்களைப் பதிப்பிக்கச் செய்ததோடு நில்லாது, அண்ணாவிமாரிடம் மாணவரைப் பயிற்றுவித்து 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். ஏடும் ஆட்டமும் ஒருங்கே காக்கப்பட்டன. தமிழகத்தில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையிலிருந்து கற்றது. இன்குலாபின் 'ஔவை'யை அ. மங்கை மேடையேற்றியபோது, சங்கப் பாடலில் வாழ்ந்த பெண்பாற் புலவர் உடலும் குரலும் பெற்றார்.

இவை பெரு முயற்சிகள். ஊர்ப்புற இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க சிறு முயற்சிகளும் உள. பத்தாண்டுகள் கவிதையும் கதையும் ஆய்ந்த இவ்வட்டம், இனி வரும் ஆண்டுகளில் ஒரு கோடைக்கு ஒரு கூத்தையேனும் முழுமையாகப் பதிவு செய்யலாம். பாட்டை மட்டும் எழுதுதல் போதாது. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை மணிக்குத் தொடக்கம், கட்டியங்காரன் அன்று சொன்னது என்ன, எவ்விடத்தில் அவை சிரித்தது, எவ்விடத்தில் கற்பூரம் ஏற்றியது, வாத்தியார் யாரிடம் கற்றவர், அவர்க்கு அளித்த ஊதியம் எவ்வளவு என்பனவும் எழுதப்படல் வேண்டும். அவ்வேட்டின் ஒருபடி ஆடியவர் கைக்கே திரும்பச் சேர்தல் வேண்டும். அவ்வாறே வட்டத்தார் எழுதும் நாடகங்கள் அச்சேறுமுன் நடிப்போர் வாயால் ஒருமுறையேனும் பேசப்படல் நன்று. நாவில் தடுக்கும் வசனம் தாளில் எவ்வளவு அழகுடையதாயினும் நாடக வசனம் ஆகாது.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தது முதலில் வழக்கத்தால், எழுத்தாலன்று. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோதுதான் 1798இல் கும்பினி ஆட்சியரிடம் கவுல் பெற்றனர். வழக்கம் இடர்ப்பட்ட வேளையில் எழுத்து துணை நின்றது. எழுத்து வந்தபின்னும் வழக்கம் கைவிடப்படவில்லை. கூத்தும் இன்று அத்தகைய இடரில் உள்ளது. நினைவையே ஏடாகக் கொண்ட முதிய வாத்தியார் ஒருவர் மறையும்போது ஒரு சுவடிச்சாலை எரிகிறது. அதற்குள் எழுதுவோர் எழுதுக. ஆடுவோர் ஆடுவதை நிறுத்தாதிருக்க ஊர் துணை செய்க. தஞ்சைக் கல்வெட்டைப்போல் நெல்லின் கணக்கை மட்டும் பின்னோர்க்கு விட்டுச் செல்லாதிருத்தல் இத்தலைமுறையின் கடன்.