விளையாட்டும் வினையும்
(இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"விளையாட்டு வினையாகும்" என்பது நம் முதியோர் வாக்கு. கைத்தொலைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பேரனைப் பார்த்து இதனைச் சொல்லாத தாத்தா மாத்தளையில் இருக்கமாட்டார். அக்கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் வினை என்பதற்குத் தீங்கு மட்டுமன்று, செயல் என்றும் பொருள் உண்டு. விளையாட்டை நற்செயலாக்கிய ஒரு தமிழ் இளைஞரையும் அவர்தம் தோழர்களையும் பற்றியே இன்று பேச வந்தேன்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் "விசை" என்னும் சிறு நிறுவனம் கணினி விளையாட்டுகளை ஆக்குகிறது. அபி என்பவர் அதன் தலைவர். 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி அவர்கள் வெளியிட்ட விளையாட்டின் பெயர் "வெண்பா". அதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்னும் தமிழ்ப் பெண்ணின் அடுப்பங்கரையே அதன் களம். தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் அழிந்து கிடக்கின்றன. இட்டலிக்கும் புட்டுக்கும் எது முன், எது பின் என்று ஆடுபவரே சிந்தித்து அறிய வேண்டும். மகன் கவினோ வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். அழிந்த எழுத்தை மீட்கும்போது, அறுந்துபோகும் உறவையும் மீட்க முயல்கிறோம் என்பதை ஆடுபவர் உணர்கிறார்.

2024இல் தனி முயற்சி விளையாட்டுகளுக்குரிய சர்வதேச விழாவின் தலைமைப் பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு அளிக்கும் விருதும் "வெண்பா"வுக்கே கிடைத்தன. பெரும் பணம் படைத்த நிறுவனங்கள் நிறைந்த துறையிலே ஒரு சிறு குழு இதனைச் சாதித்தது எவ்வாறு? பிறரைப் பார்த்து ஆக்காமல், தம் வீட்டில் இருந்ததையே எடுத்து ஆக்கினர். இதுவே நாம் கற்கவேண்டிய பாடம்.

இளைஞர்களே! நம் வீட்டில் என்ன இருக்கிறது? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து, இந்த மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் முன்னோரின் கதை இருக்கிறது. வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். முத்துமாரியம்மன் மாசிமகத்தில் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, வடம் பிடிக்கும் நம் கைகள் அன்று நடந்தவர்களின் வழிவந்த கைகளே அல்லவா?

ஒருவர் கதை எழுதலாம். ஒருவர் சித்திரம் தீட்டலாம். ஒருவர் இசை அமைக்கலாம். ஒருவர் கணினிக்குக் கட்டளை எழுதலாம். "கோடோ" போன்ற ஆக்கக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொறுமை மட்டும் வேண்டும்.

ஆனால், கணினி காத்திருக்கும், பாட்டிமார் காத்திரார். அந்தக் குறிப்பேட்டைப் போலவே அவர்தம் நினைவும் நாளுக்கு நாள் மங்குகிறது. ஆதலால் இந்த வாரமே ஒரு கொப்பியுடன் அவர்கள் அருகில் அமருங்கள், கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். பெரியோர்களே, பேரன் கணினி முன் அமர்ந்தால், ஏசுமுன் என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். அவன் உங்கள் கதையையே ஆக்கிக்கொண்டிருக்கக் கூடும்.

அன்று விளையாட்டு நல்வினையாகும்.