கிராம சபையின் மறுப்பே சுயாட்சியின் உரைகல்



பழங்குடி மக்களின் சுயாட்சி ஏட்டில் இருக்கிறதா, நாட்டில் இருக்கிறதா என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி மலை விடை கூறுகிறது.

அங்கு வாழும் டோங்ரியா கோந்த் மக்கள் மலையுச்சியை நியாம் ராஜாவின் உறைவிடமாக வணங்குகின்றனர். அவர்களது ஓடைகளுக்கு நீரூட்டுவதும் அம்மலையே. லண்டன் பங்குச் சந்தையில் அப்போது இடம்பெற்றிருந்த வேதாந்தா குழுமத்திற்கோ அது வெறும் பாக்சைட் படிவம். அடிவாரத்து லாஞ்சிகரில் ஆலையை முதலில் எழுப்பிவிட்டு, அதன் மூலப்பொருளுக்காக மலையைக் கேட்டது மூலதனம். மாநில அரசின் சுரங்கக் கழகம் அதற்குத் துணை நின்றது.

2013 ஏப்ரல் 18 அன்று, மக்களின் வழிபாட்டு உரிமையையும் வன உரிமையையும் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தது. அந்த 12 சபைகளும் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன. மீண்டும் சபைகளைக் கூட்டக் கோரிய மனுவையும் 2016இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த மறுப்புக்கு வலுவளித்தவை 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் ஆகும். பழங்குடி அமைப்புகளும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டம் இல்லாமல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியிருக்காது.

அந்த வலுவைத்தான் இன்று ஒன்றிய அரசு குலைக்கிறது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசு ஒப்புதல் தருமுன் கிராம சபையின் இசைவு பெறப்பட வேண்டும் என்ற நிபந்தனை, 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகளில் கைவிடப்பட்டது. பொறுப்பு மாநில அரசுகளின் தலையில் சுமத்தப்பட்டது. முடிவு எடுக்கப்பட்ட பின் கேட்கப்படும் இசைவு, இசைவாகாது. அது வெறும் சடங்கு.

சுயாட்சி என்பது வளர்ச்சியிலிருந்து ஒதுங்கி நிற்பதன்று. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் பழங்குடி மக்களுக்கும் வேண்டும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற முடிவு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. மூலதனம் நாடுகளின் எல்லைகளைத் தாண்டிப் பாய்கிறது. மக்களோ தம் ஊரின் எல்லைக்குள்ளேனும் முடிவெடுக்க முடியாது என்பது எவ்வகை ஜனநாயகம்?

சட்டம் தானாகவே எவரையும் காப்பதில்லை. அமைப்பாகத் திரண்ட மக்களே சட்டத்திற்கு உயிரூட்டுகின்றனர். வன உரிமைக் கோரிக்கை மனுக்களை ஊர்தோறும் பதிவு செய்வதும், கிராம சபைகளை முறையாகக் கூட்டுவதும், ஆலைத் தொழிலாளரையும் விவசாயிகளையும் அவற்றுக்கு ஆதரவாகத் திரட்டுவதும் கட்சியின் அன்றாடக் கடமைகள். நியாம்கிரியின் மறுப்பு தனிக்குரலாக நின்றுவிடாமல் காப்பது அந்தப் பணியே.