தற்காப்புக்கு உகந்த கலை எது?

(தளவாய்புரத்தில் நமது சங்க அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி வகுப்பு ஒன்று ஏற்படுத்தவேண்டும் என்னும் யோசனை நம் சங்கத்தாரிடையே எழுந்திருக்கிறது. யோசனை எழுந்தவுடனே விவாதமும் எழுந்துவிட்டது. கராத்தேதான் வேண்டும் என்பார் ஒரு சாரார். நம் முன்னோர் போற்றிய சிலம்பம் இருக்க அந்நியக் கலை எதற்கு என்பார் மற்றொரு சாரார். பெண்பிள்ளைக்கு இவையெல்லாம் ஏன், பொழுது சாயுமுன் வீடு திரும்பினால் போதாதா என்பாரும் உளர். இம்மூன்று கட்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் கட்சிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் ஆகிய நம் பக்கத்து ஊர்களின் ஜீவனம் இன்று எதனால் நடக்கிறது? பெண்கள் அணியும் நைட்டி முதலான ஆயத்த ஆடைத் தொழிலினால். அத்தொழிலில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைப்பவர்களில் பெண்கள் ஏராளம். வேலை முடியும் நேரம் சூரியனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கல்லூரி சென்று திரும்பும் பெண்களின் பேருந்தும் அப்படியே. அவர்களை வீட்டில் அடைப்பது அவர்களுடைய படிப்பையும் சம்பாத்தியத்தையும் அடைப்பதாகும். தைரியம் தந்து வெளியே அனுப்புவதே குடும்பத்துக்கும் ஊருக்கும் நலம்.

இனி, எந்தக் கலை என்பதற்கு முன், எந்த ஆபத்து என்று கேட்போம். வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பார் உண்டா? நம் பெண்கள் சந்திக்கக்கூடிய ஆபத்துக்கள் மூன்று வகை. ஒன்று, இருசக்கர வண்டியில் வந்து கழுத்துச் சங்கிலியைப் பறித்து ஓடுபவன். இரண்டு, பேருந்திலும் நிறுத்தத்திலும் வாயாலும் கையாலும் வம்பு செய்பவன். மூன்றாவது யாரும் வெளியில் பேசாதது: பழகியவனே தீங்கு செய்வது. மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். பலாத்கார வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், உடன் வேலை செய்பவன், மணப்பதாகச் சொன்னவன் என்று இவர்களில் பல திறத்தாரும் உண்டு. இருட்டில் பாய்ந்து வரும் முகமறியாத முரடனை மட்டும் எண்ணிக் கலையைத் தேர்ந்தெடுப்போமானால், பத்தில் ஒன்றுக்கு மருந்து தேடி ஒன்பதை விட்டவர்களாவோம்.

ஆபத்தை அறிந்தபின் கலையைச் சோதிக்க உரைகல் ஒன்று வேண்டும். அது யாதெனில், மனம் ஒப்பாத எதிராளியோடு பழக அந்த வகுப்பில் இடமுண்டா என்பதே. சொல்லி வைத்தாற்போல் ஒருவன் கையை நீட்ட, மற்றவன் அதை லாவகமாகத் தட்டிவிடுவது பார்க்க அழகு. மெய்யாகவே பிடித்து இழுப்பவன் அவ்விதம் ஒத்துழைக்க மாட்டான். அவனுடைய பலத்தையும் வேகத்தையும் களத்தில் ஒரு முறையேனும் அனுபவித்திராத உடம்பு, தெருவில் திகைத்து நின்றுவிடும்.

ஜப்பான் தேசத்து ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர் இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர். 1882-ஆம் ஆண்டில் அவர் ஜூடோ என்னும் முறையை ஏற்படுத்தினார். பழைய ஜுஜுத்ஸுவில் இருந்த, எலும்பை முறிக்கும் அபாயகரமான பல பிடிகளைப் பயிற்சிப் போட்டியினின்று நீக்கினார். கலையைப் பலவீனமாக்கிவிட்டார் என்று தோன்றலாம். பலன் நேர்மாறாயிற்று. காயம் பட்டுவிடுமோ என்ற அச்சம் நீங்கியதால், மாணவர்கள் நாள்தோறும் முழு வலிமையோடு ஒருவரையொருவர் பிடித்தும் வீழ்த்தியும் பழக முடிந்தது. கொல்லும் பிடி நூறு கற்று ஒன்றையும் செய்து பாராதவனைவிட, எளிய பிடி நான்கை ஆயிரம் முறை செய்து பார்த்தவனே மேல்.

இந்த உரைகல்லில் நம் சிலம்பத்தை உரைத்துப் பார்ப்போம். சேத்தூரும் சிவகிரியும் பாளையங்களாக விளங்கிய சீமை இது. பாளையக்காரர் யுத்தம் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ஆம் தேதி கும்பினியார் வெளியிட்ட பிரகடனம், துப்பாக்கி, வேல், ஈட்டி முதலிய ஆயுதங்களைத் தென்னாட்டு மக்கள் வைத்திருக்கக்கூடாதென்று தடுத்தது. ஆயினும் உழவன் கையிலுள்ள மூங்கிற் கம்பை எந்தப் பிரகடனம் பறிக்கமுடியும்? கம்பு நின்றது, கோயில் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் ஆடப்பட்டுக் கலையும் நின்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

சிலம்பத்தின் பெருமை கம்பு வீச்சில் மாத்திரம் இல்லை, காலடியில் இருக்கிறது. எதிராளிக்கும் நமக்கும் இடையே தூரத்தை அளந்து நிற்பது, நேரே பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுவது, பலர் சூழ்ந்தால் எவர் பக்கமும் முதுகு காட்டாமல் சுழல்வது ஆகிய மூன்றும் வெறுங்கையோடு இருப்பவருக்கும் உயிர் காக்கும் பாடங்கள். கம்பு பழகிய கைக்குக் குடையும் கம்பே. அதனோடு சேர்ந்த குத்துவரிசையும், பூட்டும் பிரிவும், கையைப் பிடித்தவனிடமிருந்து விடுபடும் வழியைக் கற்பிக்கின்றன. பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற ஒரு கம்பைத் தவிர வேறு செலவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இன்று பல இடங்களில் கற்பிப்பது அலங்காரச் சிலம்பம். இரு கைகளிலும் கம்பைச் சுழற்றுவதும், தீப்பந்தம் வீசுவதும், மேடையில் கைதட்டல் வாங்குவதும் தேகப்பயிற்சிக்கு உத்தமமானவை. தற்காப்புக்கு அவை போதா. எதிரே ஒருவர் நின்று வீச, அவர் கம்பு நம் மேனியைத் தொடாமல் தடுத்து, நம் கம்பால் அவரைத் தொட்டுப் புள்ளி பெறும் தொடுமுறைப் பயிற்சியே உரைகல்லுக்கு நிற்கும்.

வர்மத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஆசான்கள் கணக்கிடுவர். வைத்தியத்தோடு கலந்த அந்த வித்தை பல்லாண்டு குருகுலவாசத்தில் கைவருவது. துள்ளி விலகும் எதிராளியின் மேனியில் ஒரு விரற்கடை இடத்தைக் குறிபார்த்துத் தட்டுவேன் என்று நம்பி ஒரு பெண் தெருவில் இறங்குவது தகாது.

அயல்நாட்டுக் கலைகளும் இவ்வாறே. ஒகினாவாத் தீவிலிருந்து 1922-ல் புனாகோஷி அவர்களால் தோக்கியோவில் அறிமுகப்படுத்தப்பட்ட கராத்தே, குத்தும் உதையும் நேர்த்தியாகக் கற்பிக்கும். ஆனால் தனியே நின்று செய்யும் வரிசைகளோடு நின்றுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு நிறத்தில் பட்டை வழங்கும் வகுப்பானால் பட்டைதான் மிஞ்சும். தேக்வாண்டோ காலின் வீச்சுக்குப் பேர் போனது. போட்டி விதிப்படி முகத்தில் கையால் குத்தக்கூடாதாகையால், கை நெருங்கிய சண்டைக்கு அது தனியே போதாது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் உரைகல்லில் நன்றாக நிற்கும். அடி வாங்கியும் நிலைகுலையாமல் இருக்க அவை பழக்கும். ஆகவே கலையின் பெயரைவிட, கற்பிக்கும் முறையே முக்கியம் என்பது விளங்கும்.

பெண்ணுக்கு உடல் வலிமை குறைவு, அவள் கற்று என்ன பயன் என்று ஐயுறுவோர் இரண்டு சரித்திரங்களைக் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு ஜுஜுத்ஸு கற்பித்தவர் ஈடித் காரட் என்னும் அம்மையார். அவருடைய உயரம் 4 அடி 11 அங்குலமே. 1913-ல் தலைவியரைக் கைதினின்று காக்கத் திரண்ட மெய்க்காவற் பெண்கள் அவரிடம் பயின்றவர்கள். நம் நாட்டிலோ, 1929-ல் ரவீந்திரநாத தாகூர் ஜப்பானிலிருந்து தாகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். அங்கே மாணவிகளும் களத்தில் இறங்கிப் பயின்றார்கள்.

மற்றொரு செய்தி இவற்றினும் முக்கியமானது. கானடா தேசத்து மூன்று சர்வகலாசாலைகளில் 893 மாணவிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி அளித்தார்கள். மற்றப் பிரிவினருக்குத் துண்டுப் பிரசுரங்கள் மாத்திரம் கொடுத்தார்கள். ஓராண்டில் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்றோரில் 100-க்கு ஏறக்குறைய 10 பேர். பயிற்சி பெற்றோரில் 100-க்கு ஏறக்குறைய 5 பேர். அந்தப் பன்னிரண்டு மணியில் அடிதடிக்குச் செலவிட்டது ஒரு பகுதியே. பழகியவனுடைய நடத்தையில் ஆபத்தின் அறிகுறியை முன்னே காண்பது, கண்டதை மனம் ஒப்புக்கொள்வது, தாட்சணியம் பாராமல் வேண்டாம் என்று உரத்துச் சொல்வது ஆகியவையே பெரும்பகுதி. நம் பெண்களுக்கு நாம் பிறந்தது முதல் கற்பிப்பது தாட்சணியம் ஒன்றே. மாமா முறையில் ஒருவர் தவறாகத் தொட்டாலும் வாய் திறவாதே என்று வளர்த்துவிட்டு, பிறகு கம்பை மட்டும் கையில் கொடுத்துப் பயனில்லை. குரலும் ஓர் ஆயுதம். அதை முதலில் வீட்டில் தீட்டவேண்டும்.

சட்டத்தையும் நாம் அறிந்திருக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. பலாத்கார நோக்கத்தோடு தாக்குபவன், திராவகம் வீசுபவன் முதலியோரைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் குற்றமாகாது. ஆனால் தடுப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீசாரை அணுக அவகாசம் இருக்கும்போது இவ்வுரிமை இல்லை. ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பாகாது. கத்தி காட்டிச் சங்கிலி கேட்பவனிடம் சங்கிலியைக் கொடுத்துவிடுவதே விவேகம். பவுன் மறுபடி சம்பாதிக்கலாம், உயிர் அவ்வாறன்று. தப்பி ஓடுவதும் கூவுவதும் 112-க்குப் பேசுவதும் கலையின் அங்கங்களே என்று ஆசான் சொல்லித் தரவேண்டும்.

முடிவாக என் யோசனைகள்: நம் ஊர்ப் பக்கத்திலேயே ஆசான் கிடைக்கக்கூடியதும், ஏழைக்கும் எட்டுவதுமான சிலம்பத்தையும் குத்துவரிசையையும் அடிப்படையாகக் கொள்வோம். தொடுமுறைப் பயிற்சி வாரந்தோறும் நடக்கவேண்டுமென்று நிபந்தனை வைப்போம். ஜூடோ அல்லது மல்யுத்தம் அறிந்தவரை மாதம் இருமுறை வரவழைத்து, விழுவதையும் பிடியிலிருந்து மீள்வதையும் கற்பிப்போம். பெண்கள் அன்றாடம் உடுத்தும் சேலையிலும் சுடிதாரிலுமே, தோளில் பையோடு பழகட்டும். தையல் வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரம் வைப்போம். களத்தில் எப்போதும் தாய்மார் இருவர் அமர்ந்திருக்கட்டும். ஆசானையும் கண்காணிக்க அது வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 1990-களில் தென் மாவட்டங்களில் நடந்த சாதிக் கலகங்களில் இழந்த உயிர்களையும் பொருளையும் இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சமூகத்தின் சங்கம் தன் வாலிபர்களுக்கு மட்டும் கம்பு கற்பித்தால், அடுத்த தெருவார் அதைத் தற்காப்பு என்று எண்ணார். அவர்களும் தங்கள் தெருவில் கம்பு எடுப்பார்கள். ஆகையால் நமது களம் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவேண்டும். ஒன்றாகக் கம்பு பழகி, சலாம் வரிசையில் ஒருவருக்கொருவர் வணக்கம் செய்த பிள்ளைகள் நாளை தெருவில் எதிர்நிற்கத் தயங்குவார்கள். ஒரே பேருந்தில் இரவு வீடு திரும்பும் பெண்களுக்குத் துணையாக நிற்பதும் அவர்களே. இதை நிபந்தனையாக ஏற்றுக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றுமாறு சபையோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.